மோட்டார் கொள்வதும் டைனமோ கொடுப்பதும்

ஒரு பொருளைப் பற்றி ‘உண்டு’ என்று கூறுதல் எளிது. ‘இவ்வளவு உண்டு’ என்று கூறுதல் அரிது. நன்னூலார் நல்லாசிரியனுக்கு உவமை கூறப் புகுந்தவிடத்து நிலம், மலை, மலர் என்பவற்றோடு நிறைகோலையும் சேர்த்து வைத்தனர். ஐயுற்ற பொருளின் அளவைத் தெளிவித்தலும், ஒரு பக்கமும் சாயாது நடுநிற்றலும் நிறைகோலின் இயல்புகளாம். தமிழ் பயில்வோனுக்கு மின்சார யந்திரங்களில் என்ன வேலை என்று வினவும் நண்பர்களுக்கு இவ்வுவமையையே விடையாகக் கூற விரும்புகிறேன். கடைவீதியில் பொருளை நிறுக்கும் கோலுக்கு வேண்டிய நேர்மை, மின்சாரத்தை அளக்கும் கருவிக்கும், அதனைக் கையாளும் மனிதனுக்கும் வேண்டும். இவ்வுண்மையை விளக்குதற்கு, மாணவர் தாமே செய்துகொள்ளத்தக்க சிறு யந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

ஒரே வகையான இரண்டு சிறு மோட்டார்களை ஒரு பலகையின்மேல் எதிரெதிராக வைத்து, அவற்றின் அச்சுகளை ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்துவிட்டால் அவ்யந்திரம் முடிந்தது. ஒன்றிற்கு மின்கலத்திலிருந்து மின்சாரம் செலுத்தினால் அது சுழலும். அது சுழலவே அதனோடு பிணைந்த மற்றொன்றும் சுழலும். காந்தத்தினிடையே கம்பிச்சுருள் சுழலுமாயின் அதில் மின்சாரம் பிறக்குமாதலின், இரண்டாவது மோட்டார் டைனமோவாகத் தொழில்புரிந்து தன் முனைகளில் மின்சாரத்தைத் தரும். இதனை மோட்டார்-ஜெனரேட்டர் என்பர். இது வெறும் விளையாட்டுக் கருவியன்று. திரைப்படக் கொட்டகைகளில் கார்பன் வில்விளக்குகள் எரிந்த காலத்தில், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றித் தருதற்கு இவ்வகைப் பெரிய யந்திரங்கள் பயன்பட்டன.

இதனைச் செய்து பார்க்கும் ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் ஆசை எழுதல் இயல்பே. டைனமோ மின்சாரம் தருகின்றது. மோட்டாருக்கு வேண்டுவதும் மின்சாரமே. அங்ஙனமாயின் டைனமோவின் கம்பிகளை மோட்டாரில் இணைத்துவிட்டு, மின்கலத்தை நீக்கிவிடலாகாதோ? மிஞ்சிய மின்சாரத்தால் ஒரு விளக்கையும் ஏற்றிக்கொள்ளலாகாதோ? இவ்வாசை ஒருவனுக்குத் தோன்றுதலில் குற்றமில்லை. ஆனால் அளவாத ஆசை அவனை மட்டுமன்றி, அவன் சொல்லை நம்பிப் பொருள் கொடுப்போரையும் கெடுக்கும். எரிபொருளின்றி மின்சாரம் தரும் யந்திரம் என்று கூறி ஊராரிடம் பணம் திரட்டுதல் பழைய வழக்கம், இன்றும் அற்றுப்போகவில்லை. ஆதலின் யந்திரத்துக்குள் எவ்வளவு செல்கின்றது, வெளியே எவ்வளவு வருகின்றது என்று அளக்கும் முறையை நாம் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தத்தை வோல்ட்டால் அளக்கிறோம். ஓடும் மின்சாரத்தின் அளவை அம்பியரால் அளக்கிறோம். வாய்க்காலில் நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகின்றது என்பது வோல்ட்டைப் போன்றது. எவ்வளவு நீர் ஓடுகின்றது என்பது அம்பியரைப் போன்றது. உயரத்திலிருந்து விழும் சிறு துளியும் சக்கரத்தைச் சுழற்றாது; விழவே விழாத பெருநீரும் சுழற்றாது. இரண்டையும் பெருக்கி வருவதே பயன். ஒரு வோல்ட்டு அழுத்தத்தில் ஓர் அம்பியர் ஓடினால் அதன் திறன் ஒரு வாட்டு எனப்படும்.

இங்கே திறன் வேறு, சக்தி வேறு என்பதனை மறத்தலாகாது. ஒருவன் கையிலுள்ள மொத்தப் பணம் சக்தியைப் போன்றது. நாளொன்றுக்கு அவன் செலவிடும் வீதம் திறனைப் போன்றது. ஒரு வாட்டுத் திறன் ஒரு விநாடி நடந்தால் செலவாகும் சக்தி ஒரு ஜூல் ஆகும். இவ்வேறுபாட்டை மறந்தவர் எத்துணைப் பெரியோரையும் மயக்கினர் என்பதனைப் பின்னர்க் காண்போம்.

இனி அளக்கும் முறையைக் கூறுவேன். மின்கலத்திலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கம்பியை வெட்டி, அவ்வெட்டினிடையே ஓர் அம்பியர்மானியை வைத்தல் வேண்டும். மோட்டாரின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு வோல்ட்டுமானியை இணைத்தல் வேண்டும். டைனமோவின் பக்கத்தில் 8 ஓம் தடையுள்ள கம்பி ஒன்றைச் சுமையாகக் கொடுத்து, அங்கும் இவ்வாறே இரு கருவிகளை அமைத்தல் வேண்டும். வோல்ட்டுமானியை யந்திரத்தின் முனையிலேயே வைத்தல் நலம். தொலைவில் வைத்தால் இடையிலுள்ள கம்பி விழுங்கும் அழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். யந்திரம் சில நிமிடங்கள் ஓடி, சூடு நிலைபெற்ற பின்னர், நான்கு கருவிகளையும் ஒரே நேரத்தில் படித்தல் வேண்டும். பின்பு இரு பக்கத்துக் கருவிகளையும் இடம் மாற்றி மீண்டும் ஒருமுறை படித்தால், ஒரு கருவி கூடக் காட்டுவதும் மற்றொன்று குறையக் காட்டுவதும் வெளிப்பட்டுவிடும்.

விளங்குதற்பொருட்டு ஒரு கணக்கை அமைத்துக்கொள்வோம். மின்கலம் 12 வோல்ட்டு. ஒவ்வொரு யந்திரத்தின் கம்பிச்சுருளுக்கும் தடை 2 ஓம். சுமையோடு ஓடும்போது மோட்டார் 1.5 அம்பியர் கொள்கின்றது எனக் கொள்வோம். உட்செல்லும் திறன் 12 × 1.5, அஃதாவது 18 வாட்டு. டைனமோவின் முனையில் 7.2 வோல்ட்டும், சுமையில் 0.9 அம்பியரும் காணப்படுகின்றன. வெளிவரும் திறன் 6.48 வாட்டு. நூறு பங்கு கொடுத்து முப்பத்தாறு பங்கு பெறுகின்றோம். இவ்விகிதத்தைப் பயனுறுதிறன் என்பர்.

எஞ்சிய அறுபத்துநான்கு பங்கு எங்கே சென்றது? இவ்வினாவுக்கு விடை காணாதவன் அளந்தவனாகான்; எண்களைப் படித்தவனே ஆவான். சுருளில் ஓடும் மின்சாரத்தின் அளவை அதனாலேயே பெருக்கி, மீண்டும் தடையால் பெருக்கினால், அங்கே வெப்பமாகும் திறன் கிடைக்கும். மோட்டாரின் சுருளில் 1.5 × 1.5 × 2, அஃதாவது 4.5 வாட்டு வெப்பமாயிற்று. டைனமோவின் சுருளில் 0.9 × 0.9 × 2, அஃதாவது 1.62 வாட்டு வெப்பமாயிற்று. எஞ்சிய 5.4 வாட்டு அச்சின் உராய்விலும், மின்சாரம் வாங்கும் தொடுவிகளின் உராய்விலும், காற்றைக் கிழித்தலிலும், இரும்பினுள் காந்தம் மாறி மாறி ஏறியிறங்குதலிலும் செலவாயிற்று. கணக்கப்பிள்ளை எழுதுவதுபோல எழுதினால்,

வரவு: மின்கலம் கொடுத்தது 18.00 வாட்டு.

செலவு: மோட்டார்ச் சுருளின் வெப்பம் 4.50, உராய்வு முதலியன 5.40, டைனமோச் சுருளின் வெப்பம் 1.62, சுமைக்குச் சேர்ந்தது 6.48, ஆக 18.00 வாட்டு.

வரவும் செலவும் ஒத்தன. ஒரு காசும் காணாமற் போகவில்லை. ஒரு காசும் புதிதாகப் பிறக்கவுமில்லை.

நிற்க. இதே யந்திரத்தைக் கொண்டு, பொய்யுரைக்கும் கருத்து ஒரு சிறிதுமின்றியே, பொய்யான கணக்கு ஒன்றைக் காட்டிவிடலாம். டைனமோவிலிருந்து சுமையை நீக்கிவிடுவோம். இழுப்பாரின்மையால் யந்திரம் விரைந்து சுழலும், மோட்டார் 0.6 அம்பியர் மட்டுமே கொள்ளும். டைனமோவின் முனையில் 10.8 வோல்ட்டு தோன்றும். இதனைக் குறித்துக்கொள்வோம். பின்னர் டைனமோவின் இரு முனைகளையும் அம்பியர்மானியால் நேரே இணைத்துவிட்டால் 2.7 அம்பியர் ஓடும். இதனையும் குறித்துக்கொள்வோம். இவ்விரண்டையும் பெருக்கினால் 29.16 வாட்டு வருகின்றது. மோட்டார் சுமையோடு ஓடியபோது கொண்டது 18 வாட்டே. ஆகவே பதினொரு வாட்டுக்குமேல் மிகுதி கிடைத்தது என்று ஒருவன் ஆரவாரம் செய்யலாம். உண்மை யாது? 10.8 வோல்ட்டு இருந்தபோது ஓர் அம்பியரும் ஓடவில்லை, 2.7 அம்பியர் ஓடியபோது முனைகளில் அழுத்தமே இல்லை. இரு வேளையிலும் வெளியே சென்ற திறன் சுழியமே. காலையில் கண்ட உயரத்தையும் மாலையில் கண்ட நீரையும் பெருக்கினால் அருவி உண்டாகிவிடாது. அன்றியும், முனைகளை நேரே இணைத்த அவ்வேளையில் மோட்டார் 3.3 அம்பியர், அஃதாவது 39.6 வாட்டு விழுங்குகின்றது என்பதனை அவன் பார்க்கவேயில்லை.

இரண்டாவது மயக்கம் விட்டுவிட்டுப் பாயும் மின்சாரத்தால் வருவது. காந்தம் நேரே வரும்போது மட்டும் சுருளுக்கு மின்சாரம் செலுத்தும் மோட்டார்களை மாணவர் பலர் செய்கின்றனர். 12 வோல்ட்டு மின்கலத்திலிருந்து காலத்தின் நான்கிலொரு பங்கில் 4 அம்பியர் பாய்ந்து, மூன்று பங்கில் ஒன்றும் பாயவில்லையெனின், சராசரி 1 அம்பியர். வெப்பத்தைக் கொண்டு மதிக்கும் பயனுறு அளவோ 2 அம்பியர், ஆர்.எம்.எஸ். என்று கருவிகள்மேல் எழுதப்படுவது இதுவே. மின்கலத்தின் அழுத்தம் மாறாதிருத்தலால் அது கொடுக்கும் திறனுக்குச் சராசரியே உரியது; 12 வாட்டு என்பதே மெய். பயனுறு அளவால் பெருக்கினால் 24 வாட்டு என்று தவறாக வரும். தடைக்கம்பியிலோ இதற்கு மாறு. 8 ஓம் தடையில் காலத்தின் நான்கிலொரு பங்கில் மட்டும் 8 வோல்ட்டு வந்தால் அங்குப் பிறக்கும் வெப்பம் 2 வாட்டு. சராசரியான 2 வோல்ட்டைக் கொண்டு கணக்கிட்டால் அரை வாட்டே வரும். உச்சமான 8 வோல்ட்டைக் கொண்டு கணக்கிட்டால் 8 வாட்டு வந்துவிடும். எந்த இடத்திற்கு எந்த அளவு பொருந்தும் என்று ஆராயாதவன் கையில் விலையுயர்ந்த கருவியும் பொய்ச்சாட்சியே கூறும். கணந்தோறும் வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கி, அப்பெருக்கத்தின் சராசரியைக் காண்பதே எங்கும் பொருந்தும் முறையாம்.

மாறுமின்சாரத்திலும் இத்தகைய இடர் உண்டு. அழுத்தம் உச்சத்தில் நிற்கும்போது ஓட்டமும் உச்சத்தில் நிற்குமென்பது நிச்சயமன்று. சுருள்களில் ஓட்டம் பின்தங்கி வரும். 230 வோல்ட்டில் ஓர் அம்பியர் ஓடினும், ஓட்டம் 60 பாகை பின்தங்கியிருக்குமாயின் மெய்யான திறன் 230 வாட்டன்று. அதில் பாதியாகிய 115 வாட்டே. ஏற்றம் இறைப்போர் இருவருள் ஒருவர் மிதிக்க மற்றவர் காலந்தவறி மிதித்தால் உழைப்புப் பெரிதாயும் நீர் சிறிதாயும் முடிதல் போன்றது இது. இதனை நேரே காட்டுதற்கே வாட்டுமானி என்னும் கருவி ஏற்பட்டது.

மூன்றாவது மயக்கம் காலத்தை மறத்தலால் வருவது. கனத்த சக்கரம் ஒன்றைச் சிறு மோட்டார் 20 வாட்டுத் திறனோடு 300 விநாடி சுழற்றினால் 6,000 ஜூல் சக்தி செலவாகும். உராய்வை விட்டுவிட்டால் அவ்வளவும் சக்கரத்தில் தங்கும். பின்னர் அச்சக்கரத்தைப் பத்து விநாடியில் நிறுத்தினால், அப்பத்து விநாடியும் 600 வாட்டுத் திறன் வெளிப்படும். 20 கொடுத்து 600 பெற்றோம் என்பது, மாதமெல்லாம் சிறுகச் சேர்த்த பணத்தை ஒரே நாளில் செலவிட்டு, ‘என் ஒருநாள் வருமானம் பார்த்தீரா’ என்பதை ஒக்கும். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் வாழ்ந்த ஆர்மீனியராகிய கராபெட் கிராகோசியன் என்பவர் அளவற்ற சக்தி தரும் யந்திரம் ஒன்று கண்டதாகக் கூற, 1918ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் அதனை ஆராய்வதற்குத் தீர்மானமே நிறைவேற்றிற்று. ஆராய்ந்த அறிஞர் குழுவினர் அங்குக் கண்டது ஒரு கனத்த சக்கரத்தையே. மெல்ல மெல்ல ஏறிய சக்தியை விரைவில் நிறுத்தி அளந்து, அத்திறனையே அவர் புதிய ஊற்றாக எண்ணிவிட்டார். அவர் வஞ்சகரல்லர்; திறனையும் சக்தியையும் ஒன்றென மயங்கியவர்.

மின்கலமும் இவ்வாறே ஏமாற்றும். ஓடி இளைத்த மின்கலத்தைச் சிறிது நேரம் சும்மா வைத்தால் அதன் வோல்ட்டு மீண்டும் உயரும். அதனைக் கண்டு யந்திரம் மின்கலத்தை நிரப்பிவிட்டது என்று முடிவு கட்டலாகாது. வோல்ட்டு, கலத்தினுள் எஞ்சியுள்ள சக்தியின் அளவன்று.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று எண்ணற்க. மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் நியூமன் என்பவர், சுருளின் நடுவே காந்தம் சுழலும் யந்திரம் ஒன்றைச் செய்து, அது கொள்வதினும் மிகுதியாகக் கொடுக்கின்றது என்று கூறி, 1979ஆம் ஆண்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அலுவலகத்தார் மறுத்தனர், வழக்கு எழுந்தது. முடிவில் அந்நாட்டுத் தேசியத் தர அளவை நிலையம் 1986ஆம் ஆண்டில் அதனைச் சோதித்தது. சோதித்த எல்லா நிலைகளிலும் வெளிவந்த திறன் உட்சென்ற திறனினும் குறைவாகவே இருந்தது. வாதங்கள் பல ஆண்டுகளாக முடிக்காததை ஓர் அளவை முடித்துவைத்தது.

கருவிகள்மேலும் ஐயம் எழுமாயின் என் செய்வது? வெப்பத்தைக் கேட்பதே வழி. சுமையாகிய தடைக்கம்பியை, வெப்பம் எளிதில் வெளியேறாத பாத்திரத்திலுள்ள 500 கிராம் நீரில் அமிழ்த்தி, வெப்பமானியை வைத்து, பத்து நிமிடம் யந்திரத்தை ஓட்டுவோம். 6.48 வாட்டு மெய்யாயின் 3,888 ஜூல் நீரில் சேரும். நீரின் சூடு ஏறக்குறைய 1.86 பாகை செண்டிகிரேடு உயரும். ஓட்டம் விட்டுவிட்டுப் பாய்ந்தாலும், பின்தங்கி வந்தாலும் நீர் மயங்குவதில்லை. தனக்குள் வந்ததை மட்டுமே காட்டும். இதனினும் எளிய சோதனை ஒன்றுண்டு. மிகுதி மெய்யாயின் டைனமோவை மோட்டாரோடு இணைத்து, மின்கலத்தை நீக்கிவிட்டு, யந்திரம் நாள் முழுதும் விளக்கெரிக்கின்றதா என்று பார்க்கலாம். இச்சோதனையில் இதுகாறும் எவ்யந்திரமும் தேறியதில்லை.

டைனமோவின் சக்தியை மோட்டாருக்கே திருப்பிக் கொடுத்தல் என்னும் அவ்வெண்ணம் முற்றும் வீண்போனதன்று என்பதே வியப்பு. ஜான் ஹாப்கின்சன், எட்வர்டு ஹாப்கின்சன் என்னும் சகோதரர் 1886ஆம் ஆண்டில் ஒத்த இரு பெரிய டைனமோக்களை அச்சாலும் கம்பியாலும் பிணைத்து, ஒன்றை மோட்டாராகவும் மற்றொன்றை டைனமோவாகவும் ஓட்டினர். சக்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சுற்றிச் சுற்றி வந்தது. வெளியிலிருந்து அவர் கொடுக்கவேண்டியது இழப்பை ஈடுசெய்யும் அளவே. அவ்வளவை அளந்தால் அதுவே இழப்பு. இம்முறையின் அருமை பெரிது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு பயன்தரும் யந்திரத்தில் உட்சென்றதையும் வெளிவந்ததையும் தனித்தனியே அளந்து கழித்தால், ஒவ்வொன்றிலும் ஒரு பங்கு பிழை நேரினும், ஐந்து பங்காகிய இழப்பு மூன்றாகவும் தோன்றும், ஏழாகவும் தோன்றும். இழப்பையே நேராக அளந்தால் அப்பிழை சுருங்கிவிடும். ஒரே இணைப்பு, இலவச மின்சாரம் தேடியவருக்கு ஏமாற்றத்தையும், இழப்பை அறிய விரும்பியவருக்கு நல்ல அளவையையும் கொடுத்தது.

இறுதியாக, நம்மை ஒத்த வயதினர் ஒருவரை இங்கே நினைத்தல் தகும். இங்கிலாந்தில் சால்போர்டு என்னும் ஊரில் மதுவடிக்கும் தொழில் நடத்தியவர் ஒருவரின் மகனாய் 1818ஆம் ஆண்டில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல், 1838ஆம் ஆண்டில், தமது பத்தொன்பதாம் வயதில், தாம் அமைத்த மின்காந்த மோட்டாரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். நீராவி யந்திரத்தின் இடத்தை இது பற்றிக்கொள்ளும் என்பது அவர்தம் பெருநம்பிக்கை. ஆனால் அவர் நம்பியதோடு நில்லாமல் அளந்தார். 1841ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் நிகழ்த்திய சொற்பொழிவில் தம் முடிவைக் கூறினார். மின்கலத்தில் கரையும் ஒரு பவுண்டு துத்தநாகம் 3,31,400 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும். சிறந்த கார்ன்வால் யந்திரத்தில் எரியும் ஒரு பவுண்டு நிலக்கரி 15,00,000 பவுண்டு எடையை ஓரடி உயர்த்தும். விலைமிகுந்த துத்தநாகம் மலிந்த கரியில் நான்கிலொரு பங்கும் செய்யவில்லை. தம் கனவைத் தம் எண்களே சிதைத்ததை அவர் மறைக்கவில்லை.

கனவு சிதைந்தவிடத்தில் அவர் வேறொரு வினாவை எழுப்பினார்: சென்ற சக்தி எங்கே சென்றது? கம்பியில் பிறக்கும் வெப்பத்தின் விதியை 1840ஆம் ஆண்டில் அவர் கண்டிருந்தார். நாம் மேலே கணக்கிட்டது அவ்விதியாலேயே. பின்னர், கம்பிச்சுருளை நீரடங்கிய குழாயில் வைத்துக் காந்தத்தினிடையே சுழற்றி, இறங்கும் எடைகள் செய்த வேலையையும், நீரில் ஏறிய சூட்டையும் ஒப்பிட்டார். ஒரு பவுண்டு நீரை ஒரு பாகை பாரன்ஹீட்டு சூடாக்குவதற்கு 838 பவுண்டை ஓரடி உயர்த்தும் வேலை வேண்டும் என்று 1843ஆம் ஆண்டில் அறிவித்தார். மேலும் மேலும் திருத்தமாக அளந்து 1850ஆம் ஆண்டில் அதனை 772 என்று வெளியிட்டார். இன்று நாம் அறிந்த அளவு 778. சக்தி அழிவதுமில்லை, ஆக்கப்படுவதுமில்லை, உருமாறுவதே உண்டு என்னும் பெருவிதிக்கு இவ்வளவைகள் அடிப்படையாயின. சக்தியின் அளவே இன்று அவர் பெயரால் வழங்குகின்றது.

வீட்டில் செய்த மோட்டார் ஒன்று எதிர்பார்த்த அளவு தரவில்லை என்பதனை நேர்மையாக எழுதிவைத்ததன் பயன் இது. ஆதலின் நண்பர்காள், உங்கள் யந்திரம் நூறு கொண்டு முப்பத்தாறு கொடுக்குமாயின் அதனைக் குறித்து நாணவேண்டா. முப்பத்தாறு என்றே எழுதுங்கள். எஞ்சிய அறுபத்துநான்கைத் தேடுங்கள். நூறு கொண்டு நூற்றறுபது கொடுக்குமாயின், ஊரைக் கூட்டுமுன் உங்கள் வோல்ட்டுமானியையும் அம்பியர்மானியையும் ஒரே வேளையில் படித்தீர்களா என்று ஒருமுறை பாருங்கள். நம் விருப்பத்தை நோக்கிக் கோல் சாய்வதன்று. கோல் காட்டும் அளவை நோக்கி நம் விருப்பமே திருந்துதல் வேண்டும்.